ஜார்ஜ் நத்தை செய்த தப்பு என்ன?

2019 ஜனவரி முதல் தேதி, ஹவாயில் ஒரு நத்தை இறந்து போனது. அதன் பெயர் ஜார்ஜ். வயது சுமார் 14. 'நத்தை செத்ததெல்லாம் ஒரு செய்தியா?' என்று சிரிக்காதீர்கள். அதன் இனத்தில் மிச்சம் இருந்ததாகத் தெரிந்தது ஜார்ஜ் மட்டும்தான்!

'அகாட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா' என்பது அந்த இனத்தின் பெயர். பல்லை உடைக்கும் பெயர்தான். ஓவாஹூ என்ற தீவில், மலைக்காட்டு மரங்களில் வாழ்ந்தது. நம்மைப் போலக் காற்றைச் சுவாசிக்கும். பளபளக்கும் ஓடு, 2 செ.மீ. அளவுதான் இருக்கும். 1780களில் அங்கே போன ஜார்ஜ் டிக்சன் என்ற கப்பல் தலைவருக்கு, இந்த ஓடுகளைக் கோத்த மாலையைப் பரிசாகக் கொடுத்தார்களாம்.

இந்த நத்தை யாருடைய பயிரையும் தின்றதில்லை. இலைமேல் படியும் பூஞ்சையைச் சுரண்டித் தின்னும். இலைக்கு ஒன்றும் ஆகாது. இப்படிப்பட்ட சாதுவுக்கா இந்தக் கதி?

பயிரைத் தின்றது வேறொரு நத்தை. 1936ல் ஹவாய்க்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க ராட்சத நத்தை, தோட்டங்களை மொட்டையடித்தது. அதை ஒழிக்க, 1955ல் 'ரோஸி ஓநாய் நத்தை'யைக் கொண்டுவந்து விட்டனர். இது மற்ற நத்தைகளைத் தின்னும் நத்தை. அவை ஊர்ந்துபோன பிசுபிசுப்புத் தடத்தை மோப்பம் பிடித்துப் பின்னாலேயே போகும். மரத்திலும் ஏறும். ஆபத்து வந்தால் ஓட்டுக்குள் சுருண்டு கொள்ளத்தான் மர நத்தைக்குத் தெரியும். ஓநாய் நத்தையோ, ஓட்டுக்குள்ளேயே தலையை நுழைத்துத் தின்றுவிடும். சின்ன நத்தை என்றால் ஓட்டோடு ஒரே விழுங்கு!

விளைவு? ராட்சத நத்தை ஒழியவில்லை. ஒன்றும் செய்யாத மர நத்தைகள் அழிந்தன. ஓடு சேகரித்தவர்களும் எலிகளும் ஏற்கெனவே பலவற்றைக் காலி செய்திருந்தனர் என்பதும் உண்மை. ஆனாலும், ஓநாய் நத்தையை விட்டதுதான் பெரிய தப்பு என்பேன். 'இது வேறு எதையெல்லாம் தின்னும்?' என்று கேட்காமலே விட்டார்களே!

இது ஹவாய் கதை மட்டும் அல்ல. அதே ராட்சத நத்தையை 1847ல் ஒருவர் கொல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். இன்று நம் ஊர்த் தோட்டங்களிலும் மழைக்காலத்தில் ஊர்கிறது. 'இதைத் தின்ன ஏதாவது ஒரு ஜந்துவைக் கொண்டு வரலாமே' என்று யாராவது சொன்னால், அந்தக் கேள்வியை நீங்களாவது கேளுங்கள்.

1997ல் கடைசி 10 நத்தைகளைப் பிடித்துவந்து ஆய்வகத்தில் வளர்த்தனர். அவற்றின் வாரிசுதான் ஜார்ஜ். மற்றவை எல்லாம் இறந்துவிட, பல ஆண்டுகள் தனியாகவே வாழ்ந்தது. ஜார்ஜின் சதையில் 2 மி.மீ. துணுக்கை 2017ல் எடுத்து, உறைய வைத்திருக்கின்றனர். என்றாவது அதிலிருந்து ஒரு குட்டி ஜார்ஜை உருவாக்கலாம் என்ற ஆசை. ஆசை நல்லதுதான், ஆனால், ஓநாய் நத்தை இன்னும் அந்தக் காட்டில் இருக்கிறதே! மிச்சமுள்ள மர நத்தை இனங்களுக்காக, எலியும் ஓநாய் நத்தையும் நுழைய முடியாத வேலிகளை மலையில் கட்டி வருகின்றனர். என்னைக் கேட்டால், முதலில் அந்த வேலிகளுக்குத்தான் காசு போக வேண்டும்.