எண்ணுகிறவர் சொன்னால் கேட்கிறவர் யார்?

சர்வேயர் என்றதும் முக்காலி மேல் கருவியை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிலம் அளக்கிறவர்தான் ஞாபகத்துக்கு வருவார். குவான்டிட்டி சர்வேயர் அவர் இல்லை. இவர் அளப்பது நிலத்தை அல்ல, கட்டடத்தை. அதுவும் இன்னும் கட்டப்படாத கட்டடத்தை! வரைபடத்தை வைத்துக்கொண்டு எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை டன் கம்பி, எத்தனை சதுர மீட்டர் பூச்சு என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு, 'இந்தக் கனவுக்கு இவ்வளவு ஆகும்' என்று முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே சொல்வது அவர் வேலை.

இந்த மனிதரைக் கட்டுமானத் தொழிலில் யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. ஆர்க்கிடெக்டுக்கு அவர் கலையைக் கொல்ல வந்த கணக்குப்பிள்ளை. கான்ட்ராக்டருக்கு பில்லில் கை வைக்கிற ஆள். பணம் போடுகிற முதலாளிக்கோ, எல்லாம் முடிந்தபின் பில்லைச் சரிபார்க்கக் கூப்பிட வேண்டிய குமாஸ்தா. முதல் இரண்டும் தொழில் சண்டை, விட்டுவிடலாம். மூன்றாவதுதான் ஆபத்து. கட்டடங்கள் பட்ஜெட்டை மீறுவது கணக்குப் போட ஆள் இல்லாததால் அல்ல. கணக்குப் போட்டவர் சொன்னதைக் காதில் வாங்காததால்.

என்னதான் செய்கிறார்?

இந்தத் தொழில் இங்கிலாந்தில் பிறந்த கதையே சுவாரசியமானது. ஒரே வேலைக்குப் பல கான்ட்ராக்டர்கள் போட்டி போட்டு விலை கேட்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. ஒவ்வொருவரும் அதே வரைபடத்தைத் தனித்தனியாக அளந்துகொண்டிருந்தார்கள். ஒரே வேலையை எதற்குப் பத்து பேர் செய்ய வேண்டும்? பொதுவாக ஒருவரை வைத்து அளக்கச் சொன்னார்கள். போகப்போக அவரைக் கட்டடத்தின் சொந்தக்காரர் பக்கமே அமர்த்திக்கொண்டார்கள். 1868-ல் லண்டனில் சர்வேயர்களுக்கான சங்கமும் வந்துவிட்டது. இன்றைய ஆர்.ஐ.சி.எஸ். அதன் வாரிசுதான்.

அவர் தயாரிக்கும் பட்டியலுக்கு பில் ஆஃப் குவான்டிட்டீஸ் என்று பெயர். வேலையின் ஒவ்வொரு உருப்படியும் அளவோடு அதில் இருக்கும். டெண்டர் போடுகிற எல்லோரும் அதே அளவுக்குத்தான் விலை எழுத வேண்டும். அதனால் ஒருவர் மலிவு, ஒருவர் அதிகம் என்றால் ஏன் என்று வரி வரியாகப் பார்க்க முடியும். வேலை தொடங்கியபின் மாதாமாதம் முடிந்த வேலையை மதிப்பிட்டுப் பணம் கொடுக்கச் சொல்வது, நடுவில் 'இந்தச் சுவரைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்' என்றால் அதன் விலையைச் சொல்வது, கடைசியில் கணக்கை முடிப்பது, இதெல்லாமும் அவர் பொறுப்புதான்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வரைபடம் முழுமையாவதற்கு முன் அவர் போடும் செலவுத் திட்டம். ஏனென்றால் ஒரு கட்டடத்தின் செலவு சிமென்ட் கடையில் முடிவாவதில்லை. எத்தனை மாடி, என்ன வடிவம், எவ்வளவு பரப்பு, என்ன மாதிரிக் கூரை என்று காகிதத்தில் கோடு போடும்போதே முடிவாகிவிடுகிறது. அதற்குப்பின் கம்பி விலையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைக்க முட்டி மோதுவது, யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதை.

ஹோலிரூட்: வெட்டப்பட்ட ஒரு வரி

ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் கட்டடம் எடின்பரோவில் ஹோலிரூட் என்ற இடத்தில் இருக்கிறது. 1997-ல் அரசின் வெள்ளை அறிக்கை, புது நாடாளுமன்றத்துக்கு 1 கோடி முதல் 4 கோடி பவுண்டு வரை ஆகலாம் என்றது. அப்போது இடமும் முடிவாகவில்லை, ஆர்க்கிடெக்டும் இல்லை, வரைபடமும் இல்லை. இருந்தும் ஜனங்கள் மனதில் அந்த '4 கோடி' ஒட்டிக்கொண்டது.

1998-ல் ஸ்பெயின் நாட்டு ஆர்க்கிடெக்ட் என்ரிக் மிராயெஸ் தேர்வானார். 1999 ஜூனில் வேலை தொடங்கியது. கட்டடம் திறக்கப்பட்டது 2004 அக்டோபரில், மூன்று வருடத் தாமதத்தோடு. மொத்தச் செலவு சுமார் 41.4 கோடி பவுண்டு. வெள்ளை அறிக்கை சொன்ன அதிகபட்சத் தொகையைப் போல் பத்து மடங்கு!

ஊரே கொந்தளித்தது. விசாரணை வைத்தார்கள். ஃப்ரேசர் பிரபு 2004 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தார். அதில் வணிகவியல் படிக்கிற எவரும் ஒரு நிமிடம் நின்று படிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

1999-ல், திட்டத்தைத் தொடரலாமா வேண்டாமா என்று உறுப்பினர்கள் வாக்களிக்க இருந்த நேரம். கட்டுமானச் செலவு 6.2 கோடி பவுண்டு என்று மேலே சொல்லப்பட்டது. கட்டணங்கள், வரி எல்லாம் சேர்த்து மொத்தம் 10.9 கோடி. ஆனால் செலவு ஆலோசகர்களாக இருந்த குவான்டிட்டி சர்வேயர்கள் கட்டுமானத்துக்குப் போட்ட கணக்கு 6.2 அல்ல, 8.9 கோடி. இடையில் இருந்த 2.7 கோடி என்ன? இடர்ப்பாடுகளுக்கான ஒதுக்கீடு. 'வரைபடம் இன்னும் முடியவில்லை, இதில் இவை இவை தவறலாம், அதற்கு இவ்வளவு வையுங்கள்' என்று அவர்கள் எழுதிய வரி. அந்த வரி முதலமைச்சர் டொனால்ட் டூவரிடம் போய்ச் சேரவே இல்லை. அவர் நாடாளுமன்றத்தை வேண்டுமென்றே ஏமாற்றவில்லை, அதிகாரிகள் அவருக்குச் சொல்லவில்லை என்பதுதான் விசாரணையின் முடிவு. உறுப்பினர்கள் வெட்டப்பட்ட எண்ணை நம்பி, குறைந்த வாக்கு வித்தியாசத்தில் 'தொடரலாம்' என்றார்கள்.

கணக்கியலில் ஆரம்பத்திலேயே சொல்லித் தருகிற ஒரு பாடம் உண்டு. வராத லாபத்தை எழுதாதே, வரக்கூடிய நட்டத்துக்கு ஒதுக்கி வை. வாராக்கடனுக்கு ஒதுக்கீடு செய்யாமல் லாபம் காட்டுகிற கம்பெனியை ஆடிட்டர் சும்மா விடுவாரா? கட்டுமானத்தில் மட்டும் அந்த ஒதுக்கீட்டை அழித்துவிட்டால் அதற்குப் பெயர் 'சிக்கன பட்ஜெட்'. இது என்ன நியாயம்?

ஒரு எதிர்க்கேள்வி வரும். 'அந்த 8.9 கோடியும் கடைசித் தொகைக்குப் பக்கத்தில்கூட இல்லையே, சர்வேயர் கணக்கும் தப்புதானே?' நல்ல கேள்வி. அவர் விலை போட்டது அன்று கையில் இருந்த வரைபடத்துக்கு. அதன்பின் கட்டடத்தின் பரப்பு பெருகியது. பாதுகாப்புத் தேவைகள் கூடின. விவரமான வரைபடங்கள் தாமதமாக வந்தன, வந்தவையும் மாறிக்கொண்டே இருந்தன. போதாக்குறைக்கு, அவசரத்துக்காக 'கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட்' என்ற முறையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வரைபடம் முடியும் முன்பே வேலையைத் துண்டு துண்டாகத் தனித்தனி கான்ட்ராக்டர்களுக்குக் கொடுக்கும் முறை அது. இதில் மொத்தத்துக்கும் ஒரு நிலையான விலை கிடையாது. விலை ஏறினால் சுமப்பவர் சொந்தக்காரர், அதாவது வரி கட்டுகிற ஜனங்கள். தராசு சரியாகத்தான் இருந்தது. நிறுத்துக்கொண்டிருக்கும்போதே தட்டில் மூட்டை மூட்டையாக ஏற்றினால் தராசைத் திட்டிப் பயன் என்ன?

'சிட்னியைப் பார்!'

இந்தப் பேச்சு வந்தாலே ஒருவர் எழுந்து சிட்னி ஆபரா ஹவுஸைக் காட்டுவார். 'அன்று செலவைப் பார்த்துப் பயந்திருந்தால் இன்று அந்த அதிசயம் இருக்குமா?' என்பார்.

1957-ல் அதன் மதிப்பீடு 35 லட்சம் ஆஸ்திரேலிய பவுண்டு, அதாவது பின்னால் வந்த நாணயத்தில் 70 லட்சம் டாலர். 1973-ல் திறந்தபோது ஆகியிருந்தது 10.2 கோடி டாலர். ஏன்? கூரையை எப்படிக் கட்டுவது என்றே தெரியாத நிலையில், அரசியல் அவசரத்துக்காக 1959-ல் வேலையைத் தொடங்கினார்கள். ஓடுகளுக்கான வடிவக் கணக்கு பிடிபட்டதே 1961-ல்தான். அதற்குள் எழுப்பியிருந்த தூண்கள் கூரையின் எடையைத் தாங்காது என்று தெரிந்து அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று. செலவுச் சண்டை முற்றி, ஆர்க்கிடெக்ட் உட்சன் 1966-ல் விலகினார். உள்ளரங்குகள் அவர் வரைந்தபடி வரவே இல்லை. கணக்கைத் தள்ளிவைத்ததால் கலை காப்பாற்றப்பட்டதா? பாதி உடைந்து போனதும் அதனால்தானே!

இன்னொன்று. சிட்னிக்குப் பணம் திரட்ட லாட்டரி நடத்தினார்கள். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு யார் லாட்டரி நடத்துவார்கள்? அங்கே பணம் தீர்ந்தால் அரைச் சுவரோடு நின்றுவிடும். உலகப் புகழ் வந்து அதைக் காப்பாற்றாது.

கணக்கு கலையைக் கொல்லுமா?

கொல்லாது என்பதற்கு இங்கிலாந்தின் பள்ளிக்கூடங்களே சாட்சி. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். பணம் இல்லை, பொருள் இல்லை, குழந்தைகளோ நிறைய. கல்வி அமைச்சகம் 'ஒரு மாணவர் இடத்துக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது' என்று வரம்பு போட்டது. அங்கே ஆர்க்கிடெக்டும் குவான்டிட்டி சர்வேயரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு, ஜன்னலுக்கு இவ்வளவு என்று கட்டடத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, வரையும் முன்பே பணத்தைப் பங்கிட்டார்கள். 1951-ல் அமைச்சகம் இந்த முறையை வெளியீடாகவே போட்டது. லட்சக்கணக்கான மாணவர் இடங்கள் உருவாயின. அந்தக் காலத்துப் பள்ளிகளில் பலவற்றை இன்றும் கட்டடக்கலை வரலாற்றில் பாராட்டித்தான் எழுதுகிறார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அங்கே எண்ணுகிறவர் கடைசியில் வரவில்லை, முதலில் வந்தார்.

இங்கே?

மலேசியாவில் குவான்டிட்டி சர்வேயர்களுக்கென்று 1967-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பதிவு, பொறுப்பு எல்லாம் உண்டு. இந்தியாவில் ஆர்க்கிடெக்ட்களுக்கு 1972-ல் சட்டம் வந்தது. எண்ணுகிறவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பெரும்பாலும் சிவில் இன்ஜினியரே எஸ்டிமேட்டும் போட்டு, வேலையையும் பார்த்து, எம் புக்கில் அளவும் எழுதுகிறார். வண்டி ஓட்டுகிறவரையே மீட்டரையும் படிக்கச் சொல்கிற ஏற்பாடு. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். தனியாக இன்னொரு கண் வேண்டாமா? சொந்த வீடு கட்டுகிறவர் நிலை இதைவிட மோசம். 'சதுர அடிக்கு இவ்வளவு' என்ற ஒற்றை எண்ணை நம்பி வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொட்டுகிறார். அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது லிண்டல் மட்டத்துக்கு வந்தபின்தான் தெரிகிறது.

தேவை பெரிய புரட்சி இல்லை, நான்கு விஷயங்கள்தான். ஆர்க்கிடெக்டை அமர்த்தும் நாளிலேயே எண்ணுகிறவரையும் அமர்த்த வேண்டும். அவர் இடர்ப்பாட்டுக்குப் போட்ட ஒதுக்கீடு எஸ்டிமேட்டில் தனி வரியாக, வெட்டாமல், பணம் போடுகிறவர் கண்ணில் பட வேண்டும். மாற்றம் எதுவானாலும் விலையைக் கேட்டபின்தான் உத்தரவு. பொதுப்பணம் என்றால் அந்தக் கணக்கு பொதுவில் வர வேண்டும்.

ஹோலிரூட் கட்டடம் 2005-ல் ஸ்டர்லிங் பரிசு வாங்கியது. அழகான கட்டடம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு 'சரி' சொன்னவர்களுக்கு உண்மையான எண்ணைக் காட்டியிருந்தால் அவர்கள் 'சரி' என்றே சொல்லியிருக்கலாம், 'வேண்டாம்' என்றும் சொல்லியிருக்கலாம். முடிவு எதுவாக இருந்தாலும் அது அவர்களுடையதாக இருந்திருக்கும். வெட்டப்பட்ட அந்த ஒரு வரி பறித்தது பணத்தை மட்டுமா?