ஒரே போர்ட், தனித்தனிப் பாதைகள்
மைசூரில் பழைய கட்டடங்களில் லாட்ஜ் நடத்துவோர் பில்லிங் கணினி, சிசிடிவி, விருந்தினர் வைஃபை மூன்றையும் ஒரே நெட்வொர்க்கில் விடக்கூடாது. தசரா நெரிசலில் முன்பின் தெரியாத எத்தனையோ போன்கள் அதில் இணையும். மூன்றையும் பிரிக்கச் சுவரைக் குடைந்து மூன்று கேபிள் இழுக்க வேண்டியதில்லை. மேனேஜ்டு சுவிட்ச் இருந்தால் ஒன்றே போதும். 1998-இல் வந்த 802.1க்யூ தரப்படி ஃபிரேமில் 4 பைட் டேக் சேர்கிறது. அதில் 12 பிட் விலான் (ஒரே கேபிளில் ஓடும் தனித்தனி நெட்வொர்க்) எண்ணுக்கு. பல விலான்கள் செல்லும் ஒரே டிரங்க் போர்ட்டில் அந்த எண்ணைப் பார்த்தே போக்குவரத்து பிரிகிறது. ஆனால், எல்லா விலானையும் எல்லா டிரங்கிலும் திறந்துவிடும் சோம்பல்தான் எனக்குக் கோபமூட்டுகிறது. மாடி ஆக்சஸ் பாயிண்டுக்கு விருந்தினருக்கான விலான் 30, ஊழியர்களுக்கான விலான் 40 போதும். கேமராவுக்கான 20 அங்கே எதற்கு? ரவுட்டரில் விலான்களுக்கிடையே தடுப்பு விதி எழுதாவிட்டால் பிரித்தும் பயனில்லை.