தூரப் பயணத்துக்குச் சின்ன வண்டியே போதும்!

கள்ளக்குறிச்சியிலிருந்து காஷ்மீர் வரை மோட்டார் சைக்கிளில் போக வேண்டும். அப்படியே நேபாளத்தையும் பார்த்து வர வேண்டும். இந்த ஆசை இன்று பல இளைஞர்களுக்கு இருக்கிறது. பெண்களுக்கும் இருக்கிறது.

ஆசையில் தவறு இல்லை. நாலு ஊர் பார்த்தவருக்கு நாலு விஷயம் தெரியும். ஆனால், ஆசை வந்த மறுநாளே வீட்டில் தகராறும் வந்துவிடுகிறது.

"பெரிய வண்டி வாங்கிக் கொடுங்கள், அப்பா" என்கிறான் மகன்.

"கரும்புப் பணமே இன்னும் கைக்கு வரவில்லையே!" என்கிறார் அப்பா.

"கடனுக்கு வாங்கலாம்" என்கிறான் மகன். அம்மா பேசாமல் நிற்கிறாள். அவளுக்குக் கடனை விட மகனுடைய உயிரைப் பற்றித்தான் பயம்.

பெரிய வண்டி இருந்தால்தான் தூரம் போக முடியுமா? இல்லவே இல்லை! 100 சி.சி. முதல் 200 சி.சி. வரை உள்ள சின்ன வண்டியே போதும். பல வகையில் அதுதான் நல்லது.

மலை சொல்லும் பாடம்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 2,000 அடிக்கும் அதிகமான உயரம். மலையாளி என்ற பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். மரவள்ளியும் சாமையும் பயிர் செய்கிறார்கள்.

கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்குப் பாதை ஏறுகிறது. அந்தப் பாதையில் ஓடும் வண்டிகளைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். மலையில் பிழைப்பவர்கள் பெரிய வண்டியைத் தேடுவதில்லை. பின்னால் ஒரு மூட்டை, முன்னால் ஒரு பை, நடுவில் ஒரு மனிதர். வண்டியோ 100 சி.சி.தான்!

1980-ல் ஓசூரில் டி.வி.எஸ். 50 மொபட் பிறந்தது. இருவர் ஏறிச் செல்லக்கூடிய முதல் இந்திய மொபட் அதுதான். அதன் வழியில் வந்த எக்ஸ்.எல். 100 வண்டியின் எடை 90 கிலோவுக்கும் குறைவு. கிராமத்துச் சுமையை இன்று அதிகம் சுமப்பது இத்தகைய வண்டிகளே. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது!

உலகம் சுற்றிய வண்டிகள்

"மூட்டை சுமப்பது வேறு, நாடு விட்டு நாடு போவது வேறு" என்று சிலர் சொல்லலாம். அவர்களுக்கும் பதில் உண்டு.

ஆஸ்திரேலியாவில் தபால்காரர்கள் ஓட்டிய வண்டி ஒன்று உண்டு. ஹோண்டா கம்பெனியின் சி.டி. 110. அதன் எஞ்சின் 105 சி.சி.தான். நாதன் மில்வர்ட் என்ற ஆங்கிலேயர் 2009-ல் அந்த வண்டியில் சிட்னியிலிருந்து புறப்பட்டார். லண்டன் போய்ச் சேர்ந்தார்!

நம் பக்கத்து ஆந்திராவிலும் ஒருவர் இருக்கிறார். விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பரத்வாஜ் தயாளா. அவர் 2006-ல் புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2007-ல் ஊர் திரும்பினார். போனது இந்தியாவில் செய்த கரிஸ்மா வண்டியில். அது 223 சி.சி.

தூக்க முடியுமா?

தூரப் பயணத்தில் வண்டி ஒரு முறையாவது விழும். மணலில் விழும், சேற்றில் விழும். அப்போது பக்கத்தில் ஆள் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எவ்வளவு வேகம் போகும்?" என்பதல்ல. "விழுந்தால் நான் ஒருவனே தூக்க முடியுமா?" என்பதுதான்.

ஸ்பிளெண்டர் வண்டி சுமார் 112 கிலோ. கரடுமுரடான பாதைக்கென்றே வந்த எக்ஸ்பல்ஸ் 200, சுமார் 160 கிலோ. ஹிமாலயன் வண்டியோ 200 கிலோவை ஒட்டி வருகிறது. இதோடு சாமான் எடையும் சேரும். 60 கிலோ எடையுள்ள இளைஞர் எதைத் தூக்குவார்? கணக்கை அவரே போட்டுப் பார்க்கட்டும்.

இருக்கையின் உயரமும் முக்கியம். உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும். மேட்டில் நிற்கும்போது கால் எட்டாவிட்டால் வண்டி சாய்ந்துவிடும்.

ரிப்பேரும் பெட்ரோலும்

வழியில் கிளட்ச் ஒயர் அறுந்தால் யார் மாற்றுவது? ஊருக்கு ஊர் ஓடும் வண்டியானால் கவலை இல்லை. ஸ்பிளெண்டர் 1994-ல் வந்தது. அதன் சாமான் கிடைக்காத ஊரும், அதைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக்கும் அபூர்வம். விலை உயர்ந்த வண்டிக்கோ கம்பெனி ஒர்க்ஷாப் உள்ள நகரம்வரை லாரி பிடிக்க வேண்டியிருக்கும்.

ஸ்பிளெண்டர் டாங்கியில் 9.8 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 588 கிலோமீட்டர் ஆகிறது. கள்ளக்குறிச்சியில் நிரப்பினால் கன்னியாகுமரியையே எட்டிவிடலாம்!

கம்பிச் சக்கரமா, அலாய் சக்கரமா என்று பார்ப்பதும் நல்லது. கம்பிச் சக்கரம் பள்ளத்தில் விழுந்து நெளிந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். அலாய் சக்கரம் உடைந்தால் மாற்றத்தான் வேண்டும். உதைத்துக் கிளப்பும் கிக்கர் இருந்தால் இன்னும் நல்லது. பாட்டரி தளர்ந்த நாளில் அது கைகொடுக்கும்.

குறையே இல்லையா?

உண்டு. மறைக்க வேண்டியதில்லை.

நான்கு வழிச் சாலையில் சின்ன வண்டி மெதுவாகத்தான் போகும். பின்னால் வரும் லாரியும் பஸ்ஸும் முட்டுவதுபோல் நெருங்கும். அங்கே போட்டி போடுவது ஆபத்து. இடது ஓரமாகப் போக வேண்டும். அல்லது ஊர்களின் வழியே போகும் பழைய சாலையைப் பிடிக்க வேண்டும். பத்து மணி நேரம் உட்கார்ந்தால் உடம்பும் வலிக்கும். நாளைக்கு 250 கிலோமீட்டர் போதும். இருட்டுவதற்குள் தங்கிவிட வேண்டும்.

லடாக்கில் கார்துங் லா கணவாய் 17,500 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்று மிக லேசு. எஞ்சினின் பலம் பாதியளவுக்குக் குறையும். சின்ன வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டுதான் ஏறும். தனி ஆள், குறைந்த சாமான் என்றால் ஏறிவிடும். கணவனும் மனைவியும் சேர்ந்து போவதானால் 100 சி.சி. போதாது. 150 முதல் 200 சி.சி. வரை பார்ப்பதே முறை.

மிச்சமாகும் பணம்

சின்ன வண்டி வாங்கினால் பணம் மிச்சமாகும். அந்தப் பணத்தில் முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட் வாங்க வேண்டும். பின்னால் உட்காருபவருக்கும் ஒன்று. இது சட்டம் மட்டுமல்ல, தலைக்கு விலை கிடையாது! பிறகு புது டயர், இன்ஷூரன்ஸ், கையுறை.

நேபாளத்துக்கு நம் வண்டியில் போவது சுலபம். எல்லையில் 'பன்சார்' என்ற வரியைக் கட்டினால் போதும். அதற்கு அப்பால் பல நாடுகளுக்குப் போவதானால் 'கார்னே' என்ற சுங்கப் பத்திரம் தேவை. அதற்குக் கட்டும் ஈட்டுத் தொகை வண்டியின் விலையைப் பொறுத்தது. வண்டியின் விலை குறைந்தால் ஈடும் குறையும்!

மலையிலே ஒத்திகை

வண்டியைத் தேர்ந்தாயிற்று. உடனே காஷ்மீருக்குப் புறப்படலாமா? கூடாது. கல்வராயன் மலையே நல்ல பரீட்சை மண்டபம்.

பயணத்துக்கு வேண்டிய சாமான் அத்தனையையும் கட்டிக்கொண்டு ஒருநாள் வெள்ளிமலைக்கு ஏற வேண்டும். ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பார்க்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் சாமான் ஆடுகிறதா என்று கவனிக்க வேண்டும். சமமான இடத்தில் வண்டியைப் படுக்க வைத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

இறங்கும்போது எஞ்சினை அணைக்கவே கூடாது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி, கடைசியில் பிடிக்காமல் போகும்.

இந்தப் பரீட்சையில் தேறிய வண்டியும் ஆளும் எந்தத் தூரமும் போகலாம். தேறாவிட்டால் சாமானைக் குறைத்து மறுபடியும் ஏற வேண்டும்.

மகனோ மகளோ பயணம் போக ஆசைப்பட்டால் பெற்றோர் தடுக்க வேண்டாம். பிள்ளைகளும் பெற்றோரைக் கடனில் தள்ள வேண்டாம். வண்டி எவ்வளவு பெரிது என்று ஊர் கேட்கும். பிள்ளை பத்திரமாகத் திரும்பி வந்ததா என்றுதான் வீடு கேட்கும். வீட்டின் கேள்விக்குப் பதில் சொல்லும் வண்டியே நல்ல வண்டி!