“கடற்கரைத் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும்” என்பவர்களுக்கு நமது பதில்



சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை தென்னந்தோட்டங்களில் வேலை செய்யும் நாம் எந்தக் கூட்டத்தில் கூடினாலும், சம்பளப் பேச்சு முடிந்ததும் அடுத்த பேச்சு கிணற்றடிக்குத்தான் போகிறது. பருப்பு வேகுதில்லை. சவர்க்காரம் நுரைக்குதில்லை. தேத்தண்ணியில் எவ்வளவு சீனி போட்டாலும் உப்புக் கரிக்குது. கேத்தலின் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படியுது. இதையெல்லாம் நிர்வாகத்திடம் கொண்டுபோனால் கிடைப்பது ஒரே பதில்: “இது கடற்கரை. இங்கே தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும்.”

கேட்டுக் கேட்டு நாமும் இதை நம்பத் தொடங்கிவிட்டோம். விதி என்று சொல்லிக்கொண்டு, கூலியில் ஒரு பங்கைக் கொடுத்துப் போத்தல் தண்ணீர் வாங்குகிறோம். அந்தப் பதில் பொய். அது ஏன் பொய் என்பதை ஒவ்வொரு லயத்திலும் உள்ள பிள்ளைகள்கூட எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

மணலுக்கு அடியில் இருப்பது என்ன?

கற்பிட்டிக் குடாநாட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. ஆறு கிடையாது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் மணலில் சில அடி தோண்டி நல்ல தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர் எங்கிருந்து வந்தது?

வானத்திலிருந்து வந்தது. மாரி மழை மணலுக்குள் இறங்கித் தேங்குகிறது. ஒரு லீற்றர் நல்ல தண்ணீரின் எடை 1,000 கிராம். ஒரு லீற்றர் கடல்நீர் ஏறக்குறைய 1,025 கிராம். பாரம் குறைந்த மழைநீர், பாரம் கூடிய கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. நிலத்துக்கு அடியில் கடல்நீரின் மேல் ஒரு தோணி போல நல்ல தண்ணீர் நிற்கிறது.

அந்தத் தோணிக்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடிக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். நிலத்தடி நீரை ஆராய்பவர்களுக்கு இது நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த கணக்கு. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் போட்டு இழுத்து மேலே ஒரு அடி குறைத்தால், நாளடைவில் கீழேயிருந்து உப்புநீர் 40 அடி மேலே ஏறி வரும்.

கயிறும் வாளியும் கொண்டு அள்ளிய காலத்தில் இந்தக் கணக்கு கெடவில்லை. பகலும் இரவும் ஓடும் மோட்டார்கள்தான் அதைக் கெடுக்கின்றன. ஆகவே உங்கள் கிணறு உப்பானால் “கடல் பக்கத்தில் இருக்கிறதே” என்று திருப்திப்படாதீர்கள். கடல் அன்றும் பக்கத்தில்தான் இருந்தது. புதிதாக வந்த மோட்டார் எது, அது எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது, யாருடைய லாபத்துக்காக ஓடுகிறது என்று கேளுங்கள்.

இன்னொரு பேச்சும் நம்மிடையே உலவுகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சம் புகுந்த முஸ்லிம் மக்களால்தான் தண்ணீர் கெட்டது என்கிறார்கள். தோழர்களே, குடிக்க அள்ளும் குடத்தால் எந்தக் கிணறும் உப்பானதில்லை. ஏழையை ஏழையோடு மோதவிட்டால் மோட்டார்க்காரருக்கு நிம்மதி. அந்த வலையில் விழாதீர்கள்.

நாக்குக்குத் தெரியாத நஞ்சு

உப்பையாவது நாக்கு கண்டுபிடிக்கும். நைத்திரேற்றை நாக்கு கண்டுபிடிக்காது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை.

கற்பிட்டியின் மணல் தண்ணீரையும் பிடித்து வைக்காது, உரத்தையும் பிடித்து வைக்காது. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் யூரியா போட்டுத் தண்ணீரை இறைத்து ஊற்றினால், பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகி நேரே நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. அந்தத் தண்ணீரையே மீண்டும் இறைத்து மீண்டும் உரம் போடுகிறார்கள். 1980களிலேயே ஆய்வாளர்கள் கற்பிட்டியில் பயிர்செய்யும் நிலத்துக் கிணறுகளைச் சோதித்து, நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சி இருப்பதைக் கண்டு எழுதிவைத்தார்கள். நாற்பது வருடம் ஆகப்போகிறது. அந்தச் செய்தி நம் லயத்து அறிவித்தல் பலகைக்கு இன்னும் வந்து சேரவில்லை!

உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை, ஒரு லீற்றரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதற்கு மேல் போனால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தை. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். உயிருக்கே ஆபத்து.

தாய்மார் ஒன்றைக் கட்டாயம் மனதில் வையுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும். சோதிக்காத கிணற்றுத் தண்ணீரில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பால்மா கரைக்காதீர்கள். தாய்ப்பாலே பிள்ளைக்குக் காவல்.

இதில் கடனுக்கு உரம் வாங்கிப் போடும் சிறு விவசாயியைத் திட்டிப் பயனில்லை. எவ்வளவு உரம் போதும், எப்போது போட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்பதே நமது கேள்வி.

“வேலை போய்விடும்” என்ற மிரட்டல்

தண்ணீரைப் பற்றிப் பேசினால் உடனே வரும் மிரட்டல் இது: “பண்ணையையும் ஆலையையும் மூடச் சொல்கிறீர்களா? அப்புறம் வேலைக்கு எங்கே போவீர்கள்?”

இதற்குப் பதில் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. 1980களில் சிலாபம், முந்தல், உடப்புப் பகுதிகளில் இறால் பண்ணைகள் பெருகின. கண்டல் காடுகளை வெட்டினார்கள். அனுமதி இல்லாமல் வெட்டிய குளங்கள் ஏராளம். பக்கத்துக் கிணறுகள் உவர்ப்பாவதாக மக்கள் முறையிட்டார்கள். யார் கேட்டார்கள்? பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து தண்ணீர் எடுத்தன, கழிவையும் அதே கால்வாயில் விட்டன. ஒரு பண்ணையின் கழிவு அடுத்த பண்ணையின் தண்ணீரானது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அது அந்தத் தண்ணீர் வழியாகவே பண்ணைக்குப் பண்ணை பரவியது. குளங்கள் கைவிடப்பட்டன. முதலாளி முதலை எடுத்துக்கொண்டு வேறு தொழிலுக்குப் போனார். நமக்கு மிஞ்சியது போன வேலையும் உப்பு நிலமும்தான்.

வேலையை அழித்தது தண்ணீரைப் பற்றிப் பேசியவர்கள் அல்லர். தண்ணீரைக் கெடுத்தவர்கள்தான். தென்னைக்கும் இதே கதி வரலாம். வறட்சியில் குரும்பை கொட்டினால் நமக்குத்தான் வேலை நாள் குறைகிறது. மட்டையைத் தென்னையடியில் புதைத்தால் மழை ஈரம் நிலத்தில் நிற்கும் என்று லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. மட்டையை எல்லாம் விற்றுக் காசாக்கிவிட்டு இன்னொரு குழாய்க்கிணறு அடிக்கும் நிர்வாகம், நாளைய வேலையை இன்றே குடித்து முடிக்கிறது.

நம் பக்கத்துத் தவறு

விரலை வெளியே மட்டும் நீட்டினால் போதாது. மருந்து தெளித்த கலனை நாமே கிணற்றடியில் கழுவுகிறோம். உரப் பையை அங்கேயே உதறுகிறோம். கிணற்றுக்குப் பக்கத்தில் மலசலகூடக் குழி வெட்டியபோது வாய் திறக்காமல் இருந்தோம். மணல் நிலத்தில் குழியில் விட்டது கிணற்றுக்கு வந்து சேர நாளெடுக்காது. இதையெல்லாம் இன்றே நிறுத்தலாம். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கேட்டவர்களுக்குக் கிடைத்தது

2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி வெலிவேரிய, ரத்துபஸ்வலயில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஒரு தொழிற்சாலையால் கிணற்று நீர் கெட்டுவிட்டது, சுத்தமான தண்ணீர் தாருங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை. இராணுவம் சுட்டது. மூவர் உயிரிழந்தனர். தண்ணீர் கேட்டு உயிர்விட்ட அந்தச் சிங்களச் சகோதரர்கள் நமக்கும் சகோதரர்களே.

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தது. மக்கள் போராடினார்கள். தெற்கைச் சேர்ந்த சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். 2019 ஏப்ரலில் நீதிமன்றம், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கிணற்றைக் கெடுத்தவர் பணம் கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டில் ஏற்கெனவே நிலைநாட்டப்பட்ட நியாயம். புத்தளத்துக்கு மட்டும் வேறு நியாயமா?

காசில்லை என்று அரசு சொல்லலாம். 2011 முதல் 2014 வரையான காலத்தில் நம் கண் முன்னேதான் நுரைச்சோலையில் 900 மெகாவோட் அனல்மின் நிலையம் மூன்று அலகுகளாக இயங்கத் தொடங்கியது. அதைக் கட்டத் தெரிந்த அரசுக்கு, லயத்துக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் தண்ணீரை எடுத்துச் சோதிக்க முடியாதா?

நமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு தோட்டத்துக் குடிநீர்க் கிணறும் வருடத்தில் இரு தடவை, மாரிக்கு முன்னும் பின்னும் சோதிக்கப்பட வேண்டும். உப்பு, நைத்திரேற்று அளவுகள் தமிழிலும் சிங்களத்திலும் கிணற்றடியில் எழுதி வைக்கப்பட வேண்டும்.

2. குடிநீர்க் கிணற்றுக்குப் பக்கத்தில், நீர்வளச் சபையின் பரிசோதனை இல்லாமல் புதிய குழாய்க்கிணறு அடிக்கக் கூடாது. இருக்கும் மோட்டார்களுக்கு நேர வரையறை வேண்டும்.

3. கிணறு கெட்டுவிட்டால் வேறு கிணறோ குழாய் நீரோ கிடைக்கும் வரை நிர்வாகமே வாசலுக்குத் தண்ணீர் தர வேண்டும். அந்தச் செலவில் ஒரு சதமும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பவுசர் தற்காலிகம்தான். பவுசரைக் காட்டி வருடக்கணக்கில் ஏமாற்ற இடம் கொடோம்.

4. ஒவ்வொரு லயத்துக்கும் மழைநீர்த் தாங்கி வேண்டும். 40 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 4,000 லீற்றர் தண்ணீர் விழுகிறது. அதை ஓடவிட்டு, போத்தல் வாங்கச் சொல்வது அநியாயம்.

5. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்தோடு தண்ணீரும் ஒரு விடயமாக மேசைக்கு வர வேண்டும்.

வரும் மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளையும் மூன்று விபரங்களை எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் கிணறு எந்த வருடத்திலிருந்து கரிக்கத் தொடங்கியது? சுற்றிலும் எத்தனை மோட்டார்கள் ஓடுகின்றன? கடைசியாக எப்போது யார் வந்து தண்ணீரைச் சோதித்தார்கள்? அந்தக் கணக்கைத் திரட்டிப் பிரதேச செயலகத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் கையெழுத்துகளோடு கொடுப்போம்.

இனி யாராவது “கடற்கரைத் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும்” என்று சொன்னால், அந்தக் கிணற்றிலிருந்து ஒரு கோப்பை அள்ளி அவரிடமே நீட்டுங்கள். குடித்துவிட்டுப் பேசட்டும்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!