மாப்பிள்ளை பறக்கிற நாளில் பிள்ளையைப் போய்ப் பாருங்கள்



ஊரில் ஒரு பெண்பிள்ளைக்கு விமானி மாப்பிள்ளை அமைந்துவிட்டால் முதல் கிழமை கதை இப்படிப் போகும்: "அவளுக்கென்ன, நினைச்ச நேரம் லண்டன், நினைச்ச நேரம் துபாய்." ரெண்டு மாதம் போனதும் கதை மாறும்: "மாப்பிள்ளைய ஒரு கலியாண வீட்டிலயும் காணல்லயே, என்ன பிரச்சினையோ?" ரெண்டு கதைக்கும் பதில் சொல்ல வேண்டியவள், நிக்காஹ் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளை. அவளுக்காகவும் அவளைப் போன்ற பிள்ளைகளுக்காகவும்தான் இந்த நீண்ட பதிவு. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எங்களிடம் படித்த பிள்ளைகளில் ஒருத்தி அப்படி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பெயர் வேண்டாம். கணவர் துணை விமானி. இருவரும் நீர்கொழும்புப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். தவணை விடுமுறையில் போய்ப் பார்த்தோம். அவள் சொன்னவற்றில் எழுதலாம் என்று அனுமதித்ததை மட்டும் இங்கே சொல்கிறோம்.

அந்த வீட்டில் முதலில் கண்ணில் பட்டது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த ஒரு தாள். அதுதான் ரோஸ்டர். எங்கள் பாடசாலை நேரசூசி மாதிரித்தான், ஆனால் இதில் வெள்ளிக்கிழமையும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. ஒரு நாள் மாலைதீவு போய் அன்றே திரும்பல். இன்னொரு நாள் இரவில் புறப்பட்டு லண்டன், கிட்டத்தட்ட 11 மணித்தியாலம். அங்கே தங்கல், பிறகு திரும்பல். இடையில் சில நாட்களில் 'ஸ்டான்ட்பை' என்று மட்டும் எழுதியிருக்கும்.

ஸ்டான்ட்பை என்றால் லீவு என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். ஆசிரியர்களுக்குப் புரியும்படி சொன்னால், அது எங்கள் ரிலீப் பாடவேளை மாதிரி. யாராவது வராவிட்டால் கூப்பிடுவார்கள். வித்தியாசம் என்னவென்றால் எங்களைப் பக்கத்து வகுப்புக்கு அனுப்புவார்கள், அவரை வேறொரு நாட்டுக்கு அனுப்புவார்கள். கூப்பிட்டால் சொன்ன நேரத்துக்குள் கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். அதனால் அன்று தொலைபேசியைத் தூர வைக்க முடியாது, தூரப் பயணம் போக முடியாது. எங்கள் ஊரிலிருந்து கட்டுநாயக்கவுக்கு இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் ஆகும். "வீட்டிலதானே சும்மா இருக்கார், ஒரு எட்டு வந்துட்டுப் போகலாமே" என்று மாமிமார் கேட்பது அன்பினால்தான். ஆனால் அந்த எட்டு அவரால் வைக்க முடியாத எட்டு.

இன்னொரு பேச்சும் இருக்கிறது. "மாசத்துக்கு நூறு மணித்தியாலம்தானே பறக்கிறாங்க, அதுக்கா இவ்வளவு சம்பளம்?" ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 28 நாட்களில் 100 மணித்தியாலத்துக்கு மேல் பறக்க விடக் கூடாது என்று விதி இருப்பது உண்மைதான். ஆனால் அது பறக்கும் நேரத்தின் கணக்கு. முன்கூட்டியே போய் வானிலையையும் எரிபொருளையும் பார்ப்பது, தாமதமான விமானத்துக்காகக் காத்திருப்பது, வெளிநாட்டு அறையில் தூக்கம் வராமல் புரள்வது எதுவும் அந்த நூறில் சேராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமியுலேட்டரில் பரீட்சை, வருடா வருடம் மருத்துவப் பரிசோதனை. இவற்றில் தவறினால் வேலையே தடைப்படும். ஓ/எல் எடுத்த பிறகு பரீட்சை முடிந்துவிட்டது என்று நினைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இது நல்ல பாடம்.

அடுத்தது பகல் தூக்கம். இரவு முழுக்க ஓட்டிவிட்டுக் காலை எட்டு மணிக்கு வந்து படுக்கிறவரைப் பார்த்து "மாப்பிள்ளை பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் தூங்குறாராம்" என்று ஒரு சொந்தக்காரர் ஊரில் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை அதைக் கேட்டு அழுதிருக்கிறாள். இதை லேசாக எடுக்க வேண்டாம். அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை மனித உடல் மிகவும் சோர்ந்திருக்கும் நேரம் என்று விமானப் பணி விதிகளே கணக்கில் எடுக்கின்றன. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தார்கள். கப்டன் பயணத்தின் பெரும்பகுதியைத் தூங்கிக் கழித்ததையும், விழித்த பிறகும் தெளிவு குறைந்திருந்ததையும் விசாரணை அறிக்கை பதிவு செய்தது. எங்கள் ஊரில் வளைகுடாவுக்குப் போகாத வீடு எது? எங்கள் வாப்பாமாரும் நானாமாரும் தங்கச்சிமாரும் ஏறுகிற விமானத்தை ஓட்டுகிறவர் தூங்கி எழும்பியிருக்க வேண்டுமா, வேண்டாமா? அவர் பகலில் தூங்குவது அந்தப் பயணிகளுக்குச் செய்யும் அமானிதம். அந்தத் தூக்கத்துக்காகத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, வாசல் மணியைக் கழற்றிவிட்டு, குக்கர் விசில் அடிக்காமல் சோறாக்குகிற மனைவிக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இனி டிக்கெட் கதை. விமான ஊழியர் குடும்பத்துக்குச் சலுகை டிக்கெட் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் அதுவும் ஸ்டான்ட்பைதான். காசு கட்டிய பயணிகள் எல்லோரும் ஏறி முடிந்து, மிச்சமாக இருக்கை கிடந்தால்தான் இவர்களுக்கு. அதிலும் வேலை மூப்புப்படி வரிசை. வரி கட்ட வேண்டும், விசா எடுக்க வேண்டும். கவுண்டர் மூடும் வரைக்கும் பெட்டியோடு ஓரமாக நிற்க வேண்டும். போகும்போது இடம் கிடைத்தாலும் திரும்பும்போது கிடைக்கும் என்று உறுதி இல்லை. அவர்கள் இருவரும் மூன்று நாள் ஓய்வில் மாலைதீவு போகலாம் என்று புறப்பட்டிருக்கிறார்கள். ஒன்றரை மணித்தியாலப் பயணம். முதல் நாள் விமானம் நிறைந்துவிட்டது. இரண்டாம் நாளும் நிறைந்துவிட்டது. மூன்றாம் நாள் பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு இருவரும் தோட்டத்தில் கொச்சிக்காய் நாற்று நட்டார்களாம். "அதுதான் டீச்சர் எங்கட ஹனிமூன்" என்று சிரித்தாள்.

இந்த நிலைமையில் "உம்ராவுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துத் தர ஏலுமா?" என்று கேட்டு வருகிற அழைப்புகளுக்கு அவள் என்ன சொல்வாள்? யார் யாருக்குச் சலுகை என்று நிறுவனம் எழுதி வைத்திருக்கிறது. சாச்சாவின் மருமகனுக்கு அதில் இடமில்லை. விதியை வளைத்தால் சலுகையும் போகும், சிலவேளை வேலையும் போகும். இல்லை என்று சொன்னால் "பெருமை பிடிச்சிட்டுது" என்ற பட்டம். புதுப் பெண்ணுக்கு இப்படி ஒரு பாரம் தேவையா?

அந்தக் கொச்சிக்காய்ப் பாத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பின்னால் மணல் நிலம். தும்புத்தூளும் மாட்டெருவும் சமையலறைக் கழிவும் போட்டு மண்ணைப் பண்படுத்தியிருக்கிறார்கள். கத்தரி, வெண்டி, பயற்றங்காய், வல்லாரை, மதில் ஓரம் ரம்பையும் கறிவேப்பிலையும். ரோஸ்டருக்குப் பக்கத்தில் இன்னொரு தாளில் எந்தப் பாத்தி எப்போது நட்டது, எப்போது எரு போட்டது என்று எழுதி வைத்திருக்கிறாள். கொச்சி இலை சுருண்டால் படம் எடுத்து அனுப்புவாள். அவர் எங்கோ ஒரு ஹோட்டல் அறையிலிருந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்துப் பதில் போடுவார். வந்ததும் உடுப்பு மாற்ற முந்தித் தோட்டத்துக்குத்தான் போவாராம். இதையும் ஊரில் ஒருவர் "பைலட்ட மனிசி மண் கிண்டுறாளாம்" என்று பரிகசித்திருக்கிறார்.

எங்கள் பார்வையில் அந்தப் பிள்ளை செய்வது மிகக் கெட்டிக்காரத்தனமான வேலை. புதுத் தம்பதிக்குச் சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தால்தான் செய்யலாம் என்ற வேலை அவர்களுக்குச் சரிவராது. தோட்டம் அப்படியில்லை. அவள் நட்டதற்கு அவர் தண்ணீர் ஊற்றலாம், அவர் கட்டிய பந்தலில் அவள் பயற்றங்காய் பறிக்கலாம். நாற்று நட்டு ரெண்டு, ரெண்டரை மாதத்தில் கொச்சி காய்க்கும். அதற்குள் அவர் எத்தனை நாடு போய் வந்தாலும் அந்தச் செடியில் இருவருடைய கையும் இருக்கும். தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா" என்பதற்குப் பிறகு கதைக்க ஒரு விஷயமும் இருக்கும்.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த வீட்டில் குறைவாக இருப்பது இருவரும் சேர்ந்திருக்கும் நாட்கள். மாதத்தில் எண்ணிப் பார்த்தால் விரல்களுக்குள் அடங்கிவிடும். அந்த நாட்களை வலீமாக்களும் விருந்துகளும் "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்ற அழைப்புகளும் தின்றுவிட்டால், அவர்கள் குடும்பமாக வாழ்வது எப்போது?

"அப்படியென்றால் உறவை முறித்துக்கொண்டு தனியே இருக்கட்டுமா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உறவைச் சேர்ந்து நடப்பது எங்கள் மேல் கடமை. அதனால்தான் சொல்கிறோம்: அவர் பறக்கிற நாளில் பிள்ளையைப் போய்ப் பாருங்கள். அவள் தனியாக இருக்கும் இரவில் உம்மாவோ ராத்தாவோ கூட இருந்தால் அதைவிடப் பெரிய உதவி கிடையாது. அவர் வந்திறங்கிய நாளில் பதினைந்து பேர் வேனில் போய் இறங்குவதும், அவர் போனதும் எல்லோரும் கிளம்பி வருவதும் தலைகீழான வழக்கம்.

பெருநாளையும் யோசியுங்கள். ரோஸ்டர் முன்கூட்டியே வந்துவிடும். பிறை முந்திய இரவில்தான் தெரியும். 29இலா 30இலா என்று யாருக்கும் தெரியாத நாளுக்கு அவர் எப்படி லீவு கேட்பார்? அவர் வந்து சேர்கிற நாளில் அந்த வீட்டில் வட்டிலப்பம் செய்தால் அன்றும் அது இனிக்கும். நோன்பில் பயணிக்குச் சலுகை இருப்பதும் எல்லோருக்கும் தெரியும். "நோன்பு பிடிச்சாரா?" என்று அவளிடம் கேட்க வேண்டியதில்லை.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் கிழக்கில் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் நிக்காஹ் செய்கிறோம். இந்தப் பிள்ளையின் வாப்பா கடன் வாங்கிக் கட்டிய வீடு ஊரில் பூட்டிக் கிடக்கிறது. கடன் கழிந்துகொண்டிருக்கிறது. நீர்கொழும்பில் வாடகையும் போகிறது. விமானி மாப்பிள்ளை ஊர் வீட்டில் வந்து குடியிருக்க முடியாது என்பது முன்பே தெரியக்கூடிய விஷயம். சம்பந்தம் பேசும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைப் போல, எங்கே குடியிருப்பார், மாதத்தில் எத்தனை இரவு வீட்டில் இருப்பார், எங்கள் பிள்ளை படிப்பையோ வேலையையோ தொடரலாமா என்றும் கேளுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பதிலைக் கேட்டபிறகு அத்திவாரம் போடலாம்.

இது விமானிக்கு மட்டும் உரிய கதை இல்லை. எங்கள் ஊரில் கப்பலில் வேலை செய்பவர் இருக்கிறார், மாலைதீவு ஹோட்டலில் இருப்பவர் இருக்கிறார், ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் தாதியும் இருக்கிறார். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முதல், "இன்டைக்கு வரலாமா, இல்ல இன்னொரு நாள் வரட்டா?" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அவள் "இன்னொரு நாள்" என்று சொன்னால் மனம் கோணாமல் இன்னொரு நாள் போங்கள். போகும்போது டிக்கெட் கேட்க வேண்டாம், கையில் ரெண்டு கத்தரி நாற்று கொண்டு போங்கள்.