கிடப்பில் போட முடியாத தீர்மானம்

டென்னசி மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் 1920 ஆகஸ்ட் 18ஆம் தேதி, ஒரே பொருள் குறித்து மூன்று முறை உறுப்பினர்களின் பெயர்கள் அழைக்கப்பட்டன. மூன்றாவது வாக்கெடுப்பை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை தந்த 19ஆவது அரசமைப்புத் திருத்தம் அதில்தான் கரையேறியது. ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர், ஆதரித்து வாக்களிக்கச் சொல்லித் தாயார் எழுதிய கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எல்லாரும் எதிர்பார்த்ததற்கு மாறாக ‘ஆம்’ என்றார். அன்று முதல் இது ஒரு தாயும் மகனும் பற்றிய கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. கதை உண்மைதான். ஆனால் அதற்கு முன் நடந்த இரண்டு வாக்கெடுப்புகளிலும் அதே ஹாரி பர்ன், அதே கடிதம் பையில் இருக்க, எதிர்த்தரப்போடுதான் நின்றார். கடிதத்தைப் பற்றி நூறாண்டாகப் பேசுகிறோம். அந்த இரண்டு வாக்கெடுப்புகளைப் பற்றிப் பேசுவதில்லை. சட்டமன்றங்கள் எப்படி இயங்குகின்றன என்று அறிய விரும்புபவருக்கு அவைதான் முக்கியம்.

முதலில் அன்றைய நிலவரம். அமெரிக்க அரசமைப்பைத் திருத்த காங்கிரஸின் இரு அவைகளின் சம்மதம் போதாது. மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கும் ஏற்க வேண்டும். அப்போது 48 மாநிலங்கள் இருந்தன, எனவே 36 தேவை. 1878இல் முதன்முதலாகக் காங்கிரஸின் முன் வைக்கப்பட்ட திருத்தத்தை 1919 ஜூன் 4ஆம் தேதிதான் செனட் நிறைவேற்றியது. அதன்பின் மாநிலங்கள் விறுவிறுவென ஏற்றன. மேற்கு வர்ஜீனியாவின் மேலவையில் வாக்குகள் சமமாக நின்றபோது, கலிபோர்னியாவில் இருந்த ஜெஸ்ஸி பிளாக் என்ற உறுப்பினர் ரயிலேறிக் கண்டத்தையே கடந்து வந்து சேரும்வரை ஆதரவாளர்கள் கூட்டத்தைக் கலையவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். 1920 மார்ச் 22ஆம் தேதி வாஷிங்டன் மாநிலம் 35ஆவதாக ஏற்றது. அதோடு வண்டி நின்றுவிட்டது. ஜூனில் டெலவேர் கைவிரித்தது. கனெக்டிகட்டிலும் வெர்மான்ட்டிலும் ஆளுநர்கள் சிறப்புக் கூட்டம் கூட்டவே மறுத்தார்கள். வட கரோலினாவின் மேலவை ஆகஸ்ட் 17ஆம் தேதி, டென்னசி வாக்கெடுப்புக்கு ஒருநாள் முன்பு, 25க்கு 23 என்ற கணக்கில் பிரச்சினையை அடுத்த ஆண்டுக் கூட்டத்தொடருக்குத் தள்ளிவிட்டது. பெண்களுக்கு வாக்கு கூடாது என்று அவர்கள் தீர்மானிக்கவில்லை. இப்போது வேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான். வட கரோலினா கடைசியில் அந்தத் திருத்தத்தை ஏற்றது 1971இல். தள்ளிவைப்பு என்பது எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஜனாதிபதி வில்சன் தந்தியில் வற்புறுத்தியபின், டென்னசி ஆளுநர் ஆல்பர்ட் ராபர்ட்ஸ் (அங்கே ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்) ஆகஸ்ட் 9ஆம் தேதி நாஷ்வில்லில் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். ஆதரவாளர்கள் மஞ்சள் ரோஜா அணிந்தார்கள், எதிர்ப்பாளர்கள் சிவப்பு ரோஜா. சட்டமன்றத்துக்கு அருகில் இருந்த ஹெர்மிட்டேஜ் ஓட்டலில் இரு தரப்புத் தலைவர்களும் தங்கி உறுப்பினர்களை வளைக்கப் பார்த்தார்கள். மதுவிலக்குக் காலத்திலும் அந்த ஓட்டலில் மது ஆறாக ஓடியது. மேலவை ஆகஸ்ட் 13ஆம் தேதி 25க்கு 4 என்று ஏற்றுவிட்டது. கீழவையில்தான் சிக்கல். அங்கே சபாநாயகர் செத் வாக்கர் முதலில் ஆதரவாக இருந்து, பிறகு எதிர்ப்பணியின் தலைவராகவே மாறியிருந்தார்.

18ஆம் தேதி காலை, 99 உறுப்பினர்களில் 96 பேர் அவையில் இருந்தார்கள். வாக்கர் சபாநாயகர் இருக்கையை விட்டு இறங்கி, தீர்மானத்தைக் கிடப்பில் போட வேண்டும் என்று முன்மொழிந்தார். நேரடியாகத் தோற்கடிக்காமல் ஏன் இந்தச் சுற்றுவழி? எந்த அவையிலும் ஒரு கொள்கையை எதிர்ப்பவர்களைவிட, அதைப் பற்றித் தம் பெயரில் எதுவும் பதிவாக வேண்டாம் என்று நினைப்பவர்களே அதிகம். கிடப்பில் போடுவதற்கு வாக்களித்தவர், ‘நான் பெண்களுக்கு எதிரானவன் இல்லை, நேரம் சரியில்லை என்றேன்’ என்று ஊருக்குப் போய்ச் சொல்லலாம். நவம்பரில் தேர்தலைச் சந்திக்க இருந்த ஹாரி பர்னுக்கு அந்த வழி தேவைப்பட்டது. அவர் தொகுதி இந்த விஷயத்தில் இரண்டாகப் பிளந்திருந்தது.

பெயர்கள் அழைக்கப்பட்டன. கிடப்பில் போட 48 பேர், கூடாது என்று 48 பேர். எதிர்ப்பணியின் கணக்கில் இருந்த பேங்க்ஸ் டர்னர் என்ற உறுப்பினர் அணி மாறியிருந்தார். வாக்கர் நம்பவில்லை, மறுபடியும் பெயர்களை அழைக்கச் செய்தார். அந்த இடைவேளையில் டர்னரின் அருகில் போய் அமர்ந்து, தோளில் கைபோட்டுக் காதில் பேசியும் பார்த்தார். டர்னர் அசையவில்லை. மறுபடி 48க்கு 48.

வாக்குகள் சமமானால் முன்மொழியப்பட்டது தோற்கும். எனவே கிடப்பில் போடும் தீர்மானம் தோற்றது. இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அடுத்த நிமிடம் மூலத் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டு, அப்போதும் 48க்கு 48 என்று வந்தால், அதே விதிப்படி தோற்றுப்போவது பெண்களின் வாக்குரிமை. காப்பாற்றிய சமநிலையே கொன்றும்விடும். எதிர்ப்பணிக்கு இது நன்றாகத் தெரியும், எனவே மூல வாக்கெடுப்பை அவர்கள் தயங்காமல் வரவேற்றார்கள். எண்ணிக்கை மாறாதவரை வெற்றி அவர்களுக்குத்தான். அவர்கள் எண்ணத் தவறியது ஒன்றைத்தான். கேள்வி மாறிவிட்டது. ஒளிந்துகொள்ள இருந்த கதவு மூடிவிட்டது. ஹாரி பர்னின் பெயர் அகரவரிசையில் தொடக்கத்திலேயே வந்தது. நேரத்தைப் பற்றியோ வசதியைப் பற்றியோ இனிக் கேட்கவில்லை. பெண்களுக்கு வாக்கு உண்டா, இல்லையா என்று மட்டுமே கேட்டார்கள். அவர் ‘ஆம்’ என்றார். சிலருக்கு அது காதில் விழவே சற்று நேரமானது. முதலில் பதில் சொல்லாமல் விட்ட டர்னரும் கடைசியில் ‘ஆம்’ என்றார். 49க்கு 47.

பர்னின் மனசாட்சி அந்த நொடியில் பிறந்ததாக நான் நினைக்கவில்லை. மறுநாள் அவை நடவடிக்கைக் குறிப்பில் அவர் பதிவு செய்த அறிக்கையில், பெண்களுக்கு முழு வாக்குரிமை உண்டு என்று தாம் நம்புவதாகவும், மகனுக்குத் தாயின் அறிவுரையே நல்ல வழி என்றும் எழுதினார். நம்பிக்கை ஏற்கெனவே இருந்தது. கிடப்பில் போடும் வசதி இருந்தவரை அந்த நம்பிக்கைக்கு வேலை வரவில்லை. தாயின் கடிதம் மகனுக்குத் துணிவு கொடுத்தது. அந்தத் துணிவு தேவைப்படும் இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது பேங்க்ஸ் டர்னரின் பிடிவாதமும், பெயர் சொல்லிக் கேட்கும் விதியும். டர்னருக்கு இந்த வரலாற்றில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

வாக்கர் அதோடு விடவில்லை. தோற்றவுடன் தம் வாக்கை ‘ஆம்’ என்று மாற்றிக்கொண்டார். வென்ற தரப்பில் வாக்களித்தவர்தான் மறுபரிசீலனை கோரலாம் என்பது விதி. அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, இடைப்பட்ட நாட்களில் யாரையாவது கலைத்துவிடலாம் என்பது அவர் திட்டம். ஆனால் அவர் வாக்கு மாறியதும் எண்ணிக்கை 50 ஆனது. மொத்த உறுப்பினர்கள் 99 பேர். வந்திருந்தவர்களில் மட்டும் பெற்ற பெரும்பான்மை செல்லாது என்று பின்னால் யாரும் வழக்காட முடியாதபடி, முழு அவையின் பெரும்பான்மையை எதிரணித் தலைவரே தம் கையால் தந்துவிட்டார்.

மறுபரிசீலனைக்கான கெடு முடியும்வரை ஒருவரையும் கலைக்க முடியவில்லை. அப்போது எதிர்ப்பணி உறுப்பினர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் இரவோடு இரவாக ரயிலேறி, எல்லை தாண்டி அலபாமாவின் டிகேட்டர் நகரத்துக்குப் போய்விட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் இருந்தால்தான் கோரம். அது இல்லாமல் அவை நடக்காது என்பது அவர்கள் கணக்கு. மிஞ்சியிருந்தவர்கள் 21ஆம் தேதி கூடி மறுபரிசீலனையை எடுத்துத் தோற்கடித்தார்கள். நீதிமன்றத் தடை ஒன்று வந்து, அதுவும் விலகியது. 24ஆம் தேதி ஆளுநர் சான்றில் கையெழுத்திட்டார். 26ஆம் தேதி காலை வாஷிங்டனில் வெளியுறவுச் செயலர் பெயின்பிரிட்ஜ் கோல்பி, தம் வீட்டில் வைத்தே அறிவிக்கையில் கையெழுத்திட்டார். ஓடிப்போனவர்கள் திரும்பி வந்து ஆகஸ்ட் 31ஆம் தேதி 47க்கு 24 என்று முந்தைய முடிவை ரத்து செய்து பார்த்தார்கள். காலம் கடந்துவிட்டது. 1922இல் லெசர் எதிர் கார்னெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலம் முறைப்படி அனுப்பிய சான்றே முடிவானது என்று சொல்லி எல்லாவற்றையும் அடக்கியது.

இந்த வெற்றியை முழுமையானதாக நினைப்பது பிழை. எதிர்ப்பணியின் பேச்சுகளில் அடிக்கடி வந்த அச்சம், கறுப்பினப் பெண்களும் வாக்களிப்பார்களே என்பது. அதற்குப் பதிலாக, வெள்ளையர் ஆதிக்கத்துக்குப் பாதகம் வராது என்று சமாதானம் சொன்ன ஆதரவாளர்களும் இருந்தார்கள். அந்தக் கறையை அந்த இயக்கத்தின் வரலாற்றிலிருந்து மறைக்கக் கூடாது. நாஷ்வில்லில் ஃபிராங்கி பியர்ஸ் போன்ற கறுப்பினப் பெண்கள் உழைத்தார்கள், கேட்டார்கள். கறுப்பினச் சிறுமிகளுக்கென அவர் போராடிப் பெற்ற தொழிற்பள்ளி 1923இல் திறந்தது. ஆனாலும் தலைவரியும் எழுத்தறிவுத் தேர்வும் மிரட்டலும் தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்களை 1965இன் வாக்குரிமைச் சட்டம்வரை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தின. அவையும் சட்டமன்றங்கள் நிறைவேற்றிய விதிகள்தான்.

நாஷ்வில் வாக்கெடுப்புக்கு ஏழரை மாதங்கள் கழித்து, ஏறத்தாழ அதே வகையில் இன்னொரு அவை முடிவெடுத்தது. இந்தியப் பெண்களுக்கு வாக்குரிமை தர இன்னும் காலம் வரவில்லை என்று பிரிட்டிஷ் அரசு அமைத்த சவுத்பரோ குழு முன்பே சொல்லியிருந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தானும் முடிவெடுக்காமல், அந்தந்த மாகாணச் சட்டமன்றமே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. 1921 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண் என்பதால் வாக்கு மறுக்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. 1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. வங்காளச் சட்டமன்றம் அதே 1921இல் மறுத்து, 1925இல்தான் ஏற்றது. சொத்துத் தகுதி இருந்ததால் சென்னையிலும் மிகச் சில பெண்களுக்கே அந்த வாக்கு கிடைத்தது. என்றாலும் முத்துலட்சுமி ரெட்டி அதே அவையில் துணைத் தலைவராக அமர்ந்து, தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவருவதற்கு ஏழு ஆண்டுகூட ஆகவில்லை.

இன்றைய நம் அவைகளுக்கு வருகிறேன். ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’ என்று பேரவைத் தலைவர் கேட்கிறார். குரல்கள் எழுகின்றன. சட்டமுன்வடிவு நிறைவேறுகிறது. கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் இப்படி அடுத்தடுத்து நிறைவேறும் முன்வடிவுகளில், என் தொகுதி உறுப்பினர் எதை ஏற்றார், எதை மறுத்தார், அந்த நேரத்தில் அவையில்தான் இருந்தாரா என்று அறிய எனக்கு வழியில்லை. எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பு வேண்டும் என்று உறுப்பினர் கேட்கலாம், விதி இருக்கிறது. கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் கிடைக்கும் என்று உறுதியில்லை. 2020 செப்டம்பர் 20ஆம் தேதி மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் மீது எதிர்க்கட்சிகள் அதைக் கேட்டன. அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பிலேயே அவை நிறைவேறின. பல லட்சம் உழவர்களின் வாழ்க்கையைத் தொட்ட அந்தச் சட்டங்களுக்கு யார் கைதூக்கினார்கள் என்ற பட்டியல் நாட்டிடம் இல்லை.

பெயர் கேட்டாலும் பயன் குறைவுதான் என்பது இன்னொரு கவலை. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். அறுபதுகளின் இறுதியில் நாடு கண்ட கட்சி மாறும் கூத்துகளுக்கு ஒரு தடை தேவைப்பட்டது, மறுக்க மாட்டேன். ஆனால் ஆட்சியைக் கவிழ்க்க விலைபோவதையும், ஒரு மசோதாவில் மனசாட்சிப்படி மாறி வாக்களிப்பதையும் அந்தச் சட்டம் ஒரே தட்டில் வைக்கிறது. டர்னரும் பர்னும் இன்று இங்கே இருந்தால் மறுநாளே விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கும். தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990இலேயே இதற்கு வழி சொன்னது: நம்பிக்கை வாக்கெடுப்பு, பண மசோதா, குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் போன்ற, ஆட்சியின் இருப்பைத் தொடும் வாக்கெடுப்புகளுக்கு மட்டும் பதவிப் பறிப்பு இருக்கட்டும். மற்றச் சட்டமுன்வடிவுகளில் உறுப்பினரை விட்டுவிடலாம். அதோடு, என் கருத்தில், ஒவ்வொரு முன்வடிவின் கடைசிக் கட்டத்திலும் பெயர்வாரி வாக்குப்பதிவைக் கட்டாயமாக்கி, அன்று மாலைக்குள் அந்தப் பட்டியலைப் பேரவைச் செயலகம் வெளியிட வேண்டும். 234 பேர் கொண்ட தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் இதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள். பெயர்வாரி வாக்குப்பதிவுக்காக விதிகளைத் திருத்தும் அதிகாரம் பேரவையிடமே இருக்கிறது. இதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.