மாமன் மடி



தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரும் வழக்கம் நம்மிடம் இன்னும் விட்டுப்போகவில்லை. வளைகாப்பு முடிந்த கையோடு அக்கா வந்துவிடுகிறாள். அந்த வீட்டில் படிப்பை முடித்தோ முடிக்காமலோ ஒரு தம்பி இருப்பான். குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைத்துப் பழகாதவன். குழந்தை வந்த நாளிலிருந்து அவன் பொழுதே மாறிவிடும். நடுராத்திரியில் மெடிக்கல் ஷாப் தேடி ஓடுவது அவன். விட்டத்துக் கொக்கியில் அம்மாவின் பழைய நூல் சேலையைத் தூளியாகக் கட்டி, தன் பாரத்தை முழுக்கப் போட்டு இழுத்துப் பார்த்த பிறகே பிள்ளையைக் கிடத்தச் சம்மதிப்பவனும் அவன்தான். தலை நிற்காத பிள்ளையைத் தூக்கக் கற்றுக்கொள்வான். எந்த அழுகை பசி, எந்த அழுகை தூக்கம் என்று பாட்டிக்கு முன்பே சொல்லத் தொடங்குவான்.

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்து, கையில் வசம்பும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டுமாகப் பிள்ளையைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். சாயங்காலம் தூளியை அவிழ்க்கும் வேலையும் அவன் தலையில்தான் விழும்.

முதல் மருமகளிடம் மாமனுக்கு ஏன் அப்படி ஓர் ஒட்டுதல் என்று கேட்டால், நான் இந்த மாதங்களைத்தான் சொல்வேன். அடுத்தடுத்துப் பிறக்கும் பிள்ளைகள்மேல் பாசம் குறைவு என்பதில்லை. அதற்குள் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், வேலை ஓசூரிலோ துபாயிலோ இருக்கும், போனில்தான் முகம் பார்ப்பான். மூத்தவளிடம் மட்டும்தான் அவன் கண்விழித்துப் பிள்ளை வளர்க்கக் கற்றான். வீட்டின் கடைக்குட்டியாக இருந்தவனைப் பெரியமனுஷன் ஆக்கியவள் அவள்.

காதுகுத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? குலதெய்வக் கோயில் திண்ணையில், மாமன் மடியில் பிள்ளை. மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கும். ஆசாரி கம்பியை எடுப்பது தெரியாதபடி மாமன் தன் உள்ளங்கையால் அவள் கண்ணோரத்தை மறைத்துக்கொள்வான். முதல் காது சுலபம். வலி தெரிந்துவிட்ட பிள்ளை இரண்டாவது காதைக் காட்டவே காட்டாது. கழுத்தை வெட்டித் திருப்பும், காலால் உதைக்கும், மாமன் சட்டைப் பொத்தான் தெறித்து விழும். அசையவிடாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டியவனும் அவன்தான். குத்தி முடிந்த அடுத்த நொடி அவள் முகம் புதைத்து அழுவதும் அவன் தோளில்தான். பெற்றவர்கள் எதிரே நிற்க, இந்த இடத்தைத் தாய்மாமனுக்கு ஒதுக்கிக் கொடுத்த நம் முன்னோரின் மனசை நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன்.

அந்தக் காதுகுத்துக்கு மாமன் கொண்டுவரும் சீர்த் தட்டுகளின் கதை வேறு. வட்டிக்கு வாங்கிச் சீர் செய்யும் மாமன்களும், சீர் குறைந்துவிட்டதென்று வருஷக்கணக்கில் முகம் கொடுக்காத சம்பந்தங்களும் எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கணக்கால் ஒரு பிள்ளைக்கும் நல்லது நடந்ததில்லை.

ஈரோட்டில் ஒரு மாமன் தன் சகோதரி மகளுக்குச் செய்ததை இங்கே சொல்ல வேண்டும். அவளுக்கு விவரம் தெரியாத வயதில் கல்யாணம். இரண்டு மாதத்தில் மாப்பிள்ளைச் சிறுவன் இறந்துபோனான். தன்னிடம் வந்து அந்தக் குழந்தை அழுததை மாமனே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். விதவை மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856லேயே வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள் அது நுழையவில்லை. உறவும் சாதியும் எதிர்த்து நின்றபோது, 1909இல் அவர் அவளுக்கு மறுமணம் செய்துவைத்தார். அந்த மாமன் பெரியார். அப்போது அவர் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த முப்பது வயது மனிதர். காங்கிரசில் சேர்ந்தது, வைக்கம் போனது, ‘குடிஅரசு’ தொடங்கியது எல்லாம் அதற்குப் பிறகு. வீட்டில் அழுத ஒரு மருமகளுக்காக அன்றே அவர் ஊரைப் பகைத்துக்கொண்டார். அவருடைய கொள்கைகளில் மாறுபடுகிற வாசகர்களும் நமக்கு உண்டு. இந்த ஒன்றில் அவரைத் தாய்மாமனாகப் பார்க்கும்படி அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இதே உறவில் ஒரு முள்ளும் இருக்கிறது. அக்கா மகளை மாமனுக்கே கட்டிவைப்பது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் மாமன் - மருமகள் உறவைத் தடுக்கப்பட்ட உறவுகளில் சேர்த்து, வழக்கம் இருந்தால் மட்டும் விலக்கு அளிக்கிறது. தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் மரபணுவில் சராசரியாகக் கால் பங்கு பொது. தாத்தாவுக்கும் பேத்திக்கும் உள்ள அதே அளவு. அந்தக் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்குப் பரம்பரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. “உனக்குன்னே பொறந்தவ” என்று வீட்டுப் பெரியவர்கள் விளையாட்டாகச் சொல்லும் அந்தப் பேச்சு, விவரம் வந்த வயதில் ஒரு பெண் தன் மாமனிடம் இயல்பாகப் பேசுவதையே நிறுத்திவிடுகிறது. தூளி கட்டியவனை இழப்பது அவளுக்குச் சின்ன நஷ்டம் இல்லை. இந்தப் பேச்சை நாம் நிறுத்தியாக வேண்டும்.

ஏனென்றால் இன்றைக்கு அவளுக்கு மாமன் நிறையத் தேவைப்படுகிறான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், வெளியூர்க் கல்லூரி என்றதும் அப்பா முகம் இறுகுகிறது. மொட்டைமாடியில் நின்று அவள் போடும் முதல் போன் மாமனுக்கு: “மாமா, நீ வந்து அப்பாகிட்ட பேசேன்.” ஞாயிற்றுக்கிழமை அவன் மிக்சர் பொட்டலத்தோடு வருகிறான். சாப்பாடு முடியும்வரை அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. வெற்றிலைத் தட்டை மச்சான் பக்கம் நகர்த்திவிட்டு, ஹாஸ்டல் எப்படி இருக்கிறது என்று நேற்றே தான் போய்ப் பார்த்து வந்ததைச் சொல்கிறான். கடன் வாங்கிச் செய்யும் சீர் வரிசை எதையும் இதற்கு ஈடாக நான் வைக்க மாட்டேன்.

உங்களுக்காக அப்படிப் பேச வந்த மாமனைப் பற்றி எழுதி அனுப்புங்கள். மாமன்மார்களே, நீங்களும் எழுதுங்கள். உங்கள் மூத்த மருமகள் இப்போது என்ன செய்கிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

அன்புடன்,
ஆசிரியர்